பீட்டர் பான் வேடத்தைத் தவிர அமெரிக்க நாடக நடிகை மாட் ஆடம்ஸ் என்ன சாதித்தார்? இன்று ஏன் யாருக்கும் அவரைத் தெரியவில்லை?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடம்ஸ் சினிமாவில் நடிக்கவில்லை. அவரைப் போலவே நாடகத் தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஃப்ரோமனின் கம்பெனியில் வளர்ந்தவர் எத்தல் பாரிமோர். அவர் பிற்பாடு ஹாலிவுட் போனார், 1944இல் வந்த ஒரு படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். அவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்று இன்றைக்கும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆடம்ஸுக்கு மிஞ்சியது புகைப்படங்களும் போஸ்டர்களும் பத்திரிகை விமர்சனங்களும்தான். 1938இல் ஒரு படத்துக்காக எடுத்துப் பார்த்த சிறு சோதனைப் படப்பிடிப்பு உண்டு. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் கேள்விக்குத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் நாடகங்களுக்கு லைட்டிங் செய்பவன். பகலில் வேறு வேலை, சாயங்காலம் ஒத்திகை இருந்தால் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் தொழிலின் பழைய கதைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த அம்மாவின் பெயர் கண்ணில் பட்டது. நடிகை என்பதால் அல்ல, விளக்குக்காக.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1872இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். அம்மா ஆன்னி நாடக நடிகை, அதனால் கைக்குழந்தையாகவே மேடை ஏறிவிட்டார். இருபது வயதில் நியூயார்க்கில், ஃப்ரோமன் தயாரித்த நாடகங்களில் ஜான் ட்ரூ என்ற பெரிய நடிகருக்கு ஜோடி. 1896இல் நியூயார்க் வந்திருந்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜே.எம். பாரி அவர் நடிப்பைப் பார்த்தார். தன்னுடைய 'தி லிட்டில் மினிஸ்டர்' நாவலை நாடகமாக்கச் சொல்லி ஃப்ரோமன் அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. கதாநாயகி கிடைத்துவிட்டாள் என்று பாரிக்குத் தோன்றிவிட்டது. 1897இல் எம்பயர் தியேட்டரில் அந்த நாடகம் ஏறியது, ஆடம்ஸ் தனி நட்சத்திரமானார். எம்பயர் இருந்தது பிராட்வேயும் நாற்பதாவது தெருவும் சந்திக்கும் இடத்தில், அதுதான் ஃப்ரோமனின் கோட்டை. 1900இல் எட்மண்ட் ரோஸ்டாண்டின் நாடகத்தில் நெப்போலியனின் மகனாக ஆண் வேடம் போட்டார். அதே வேடத்தை பாரிஸில் செய்தவர் சாரா பெர்னார். ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆடம்ஸ் பக்கம் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பயப்படாமல் போட்டார், அதுதான் எனக்குப் பிடிக்கிறது.

அப்புறம் பீட்டர் பான். அதுவும் பாரி எழுதியதுதான், வளரவே மாட்டேன் என்கிற ஒரு பையனின் கதை. 1904 டிசம்பர் கடைசியில் லண்டனில் முதன்முதலாக மேடையேறியபோது நினா பூசிகோ பீட்டராக நடித்தார். அமெரிக்காவுக்கு ஆடம்ஸ். நியூயார்க்குக்கு வடக்கே இருக்கும் கேட்ஸ்கில் மலைக்குப் போய்த் தனியாகத் தங்கி வேடத்தைப் படித்தார். உடையிலும் அவருடைய யோசனை உண்டு. இன்றும் தையல்கடையில் 'பீட்டர் பான் காலர்' என்று சொல்கிறோமே, சின்ன வட்டக் காலர், அது அந்த நியூயார்க் உடையிலிருந்து பிரபலமானது. நம் பெண் குழந்தைகளின் பள்ளிச் சட்டையில்கூட அதைப் பார்க்கலாம். முதலில் வாஷிங்டனில் போட்டுப் பார்த்தார்கள், வரவேற்பு சுமார்தான். 1905 நவம்பர் 6 அன்று எம்பயரில் ஏறியபோது ஆடம்ஸுக்கு 33 வயது நிறைய ஐந்து நாள் இருந்தது. கம்பியில் தொங்கிப் பறந்தார். நாடகம் அடுத்த ஜூன் வரை ஓடியது. அதன் பிறகு ரயிலில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். பல வருடங்களில் மொத்தம் 1,500 தடவைக்கு மேல் அந்த வேடத்தைப் போட்டிருக்கிறார்.

அந்த நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்கு நடிகரே கிடையாது. டிங்கர் பெல் என்ற தேவதை. கண்ணாடியை வைத்துச் சுவரில் ஓடவிடும் ஒரு ஒளிப்பொட்டும், கூடவே ஒரு மணிச் சத்தமும்தான் அவள். பீட்டருக்கு வைத்த விஷத்தை அவள் குடித்துவிடுவாள், ஒளி மங்க ஆரம்பிக்கும். உடனே பீட்டர் பார்வையாளர் பக்கம் திரும்பி, தேவதைகள் இருப்பதாக நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று கேட்பான். லண்டனில் முதல் நாள் யாரும் தட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பாரிக்கு பயம். வாத்தியக்காரர்களிடம், சபை மௌனமாக இருந்தால் நீங்கள் தட்டுங்கள் என்று சொல்லி வைத்திருந்தாராம். அதற்குத் தேவையே வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஒரு குழந்தைகள் நாடகத்தில், கைதட்டலுக்கு ஏற்றபடி ஒரு அகல்விளக்கு உயிர் பெறும் காட்சி எனக்கு வந்தது. மேடையில் இருந்தது பொம்மை அகல், உள்ளே ஒரு சின்ன பல்பு. டிம்மர் கட்டை என் விரலில். முதல் கைதட்டலுக்கே வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டால் குழந்தைகளுக்கு அது ஸ்விட்ச் என்று தெரிந்துவிடும். ரொம்பத் தாமதித்தால் நம்பிக்கை போய்விடும். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கலாம், நாற்காலியில் ஏறி நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். நான் விளக்கைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முழு வெளிச்சம் வந்ததும் அவள் அப்படியே உட்கார்ந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆடம்ஸ் 1,500 தடவை அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான். அந்த ஒளி எப்போது ஏற வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேடையில் நின்ற அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சரி, விளக்குக்கு வருகிறேன். அந்தக் காலத்து மேடையில் ஃபுட்லைட்தான் ராஜா. மேடை விளிம்பில் வரிசையாக, கீழிருந்து மேலே அடிக்கும் விளக்குகள். இருட்டில் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறும், கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய நிழல் மேலே போய்விடும். சூரியன் நம் மீது மேலிருந்துதானே விழுகிறது? முகத்தின் நுணுக்கத்தை நம்பி நடிக்கிறவருக்கு அந்த விளக்கு எதிரி. ஆடம்ஸ் மேடைக்கு மேலே பாலம் போல ஒரு தளம் அமைக்க ஏற்பாடு செய்தார். அதில் விளக்குகளோடு ஆட்களையும் நிறுத்தி, மேலிருந்தும் முன்னிருந்தும் ஒளியை வேண்டிய இடத்துக்குத் திருப்ப வைத்தார். இன்று எந்த அரங்கத்துக்குப் போனாலும் மேலே குறுக்குக் கம்பியில் விளக்குகள் தொங்கும், யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அப்போது அதற்காகத் தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது. அவர் காலத்தில் டேவிட் பெலாஸ்கோ என்ற தயாரிப்பாளரும் விளக்கில் பெரிய பெரிய சோதனைகள் செய்தார். ஒளியமைப்பு வரலாற்றில் பெலாஸ்கோ பெயருக்குக் கிடைக்கும் இடம் ஆடம்ஸுக்குக் கிடைப்பதில்லை. நடிகை என்றால் விளக்கின் முன்னால் நிற்பவள் என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1909 ஜூன் 22 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில், ஜெர்மன் எழுத்தாளர் ஷில்லரின் நாடகத்தில், பிரான்ஸின் வீரப்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். ஒரே ஒரு இரவு. திறந்தவெளி, சுமார் 15,000 பார்வையாளர்கள், மேடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், குதிரைகள். கவசம் அணிந்து அவரும் குதிரை ஏறினார். கூரையில்லாத இடத்தில் ராத்திரி நேரத்தில், அந்தக் காலத்து விளக்குகளை வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் ஒரு பெண்ணின் உருவம் தெரிய வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று புரியும். அந்த நாடகத்துக்குப் போஸ்டரும் உடை வடிவமைப்பும் செய்தவர் செக் ஓவியர் அல்போன்ஸ் முக்கா.

1911இல் 'ஷான்டெக்ளேர்'. அதில் அவர் சேவல்! தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பும் சேவலின் கதை. பாரிஸில் ஆஜானுபாகுவான லூசியன் கித்ரி நடித்த வேடத்தை இந்த ஒல்லியான பெண் எடுத்ததை விமர்சகர்கள் பலர் ஏற்கவில்லை. முதல் நாள் சபையோ அவரைத் திரைக்கு வெளியே 22 தடவை அழைத்ததாக அப்போது எண்ணி எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க ஆசைப்படுவது இந்த நாடகத்தைத்தான். விடியலைத் தன் வேலையாக நினைக்கிற பாத்திரமும், மேடையில் விடியலை உண்டாக்கத் தெரிந்த நடிகையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

1915 மே 7 அன்று லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அயர்லாந்துக் கடலோரம் மூழ்கடித்தபோது ஃப்ரோமன் அதில் இருந்தார். கடைசி நிமிடங்களில் அவர் பீட்டர் பானின் வசனம் ஒன்றை நினைவுபடுத்துவது போலப் பேசியதாக, உயிர் தப்பிய ஒரு நடிகை சொன்னார். கால் நூற்றாண்டு தன்னைப் பார்த்துக்கொண்ட தயாரிப்பாளர் போன பிறகும் ஆடம்ஸ் மூன்று வருடம் நடித்தார். 1918இல் உடம்பு முடியாமல் மேடையை விட்டு விலகினார். அப்போது வயது 46கூட நிறையவில்லை. அதன் பிறகு பிராட்வேயில் அவர் நடிக்கவே இல்லை.

இன்றைய நட்சத்திரம் என்றால் பேட்டி மேல் பேட்டி கொடுத்திருப்பார். இவர் பேட்டி கொடுப்பதையே தவிர்த்தவர். பெயர் பெற்ற காலத்திலேயே கன்னியர் மடங்களில் போய்த் தங்குவார், பிற்பாடு லாங் ஐலண்டில் இருந்த தன் சொத்தையும் ஒரு கன்னியர் சபைக்குக் கொடுத்துவிட்டார். மேடையை விட்ட பிறகு போய்ச் சேர்ந்த இடம் ஷெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடம்! 1921 முதல் 1923 வரை அங்கே பொறியாளர்களோடு உட்கார்ந்து, வண்ணப்படம் எடுக்கத் தேவையான அளவு பிரகாசமான பெரிய குண்டு பல்பை உருவாக்க வேலை செய்தார். கிப்ளிங்கின் 'கிம்' கதையை வண்ணத்தில் படமாக்க வேண்டும் என்பது அவர் கனவு. நம் நாட்டில் நடக்கும் கதை. அந்தப் படம் கைகூடவில்லை. பேசும்படம் வந்தபோது, இரைச்சல் போடும் ஆர்க் விளக்குகளை ஒதுக்கிவிட்டு ஸ்டுடியோக்கள் குண்டு பல்பு வகை விளக்குகளுக்குத்தான் மாறின.

1931இல் நடிகர் ஓடிஸ் ஸ்கின்னரோடு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' போட்டுக்கொண்டு வெளியூர்களில் சுற்றினார், போர்ஷியா வேடம். 1937 முதல் மிசௌரி மாநிலத்தில் ஸ்டீபன்ஸ் கல்லூரிப் பெண்களுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். 1953 ஜூலையில் இறந்தார், வயது 80. எம்பயர் தியேட்டரை இடித்ததும் அதே வருடம்தான்.

அவரைக் கொஞ்சமாவது பார்க்க விரும்பினால், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் முக்கா வரைந்த 1909 ஓவியம் இருக்கிறது. ஜோன் வேடத்தில், பூக்களுக்கு நடுவே, யாரோ கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பது போல இருப்பார். பெரிதாக்கி முகத்தை மட்டும் பாருங்கள்.