கேள்வி – பதில்: விடையைச் சொல்லும் நேரமும் சொல்லாத நேரமும்

இம்முறை வந்த கடிதங்களுள் பல, சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தைத் மாணவர் தாமே ஆராய்ந்து விடை காணும் தேடல்வழிக் கற்றலாக நடத்துவது பற்றியே இருந்தமையால், அவற்றுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆசிரியை, சாவகச்சேரி: ஐயா, மாணவரைக் கண்டறிய விடுங்கள் என்கிறார்கள். தரம் 8 மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, 'உடற்பயிற்சியின் நன்மைகள் எவை?' என்று ஆராயச் சொன்னேன். எல்லாக் குழுக்களும் பாடநூலைப் பார்த்து ஒரே விடையை எழுதித் தந்தன. எங்கே பிழைத்தது?

பிழை மாணவரிடத்தில் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது. விடை அச்சாகிக் கையில் இருக்கும்போது அதைப் பார்த்து எழுதுவதே எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியது. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தோடு ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகள் எமது ஆசிரியர் வழிகாட்டிகளுக்கு வந்தன. ஆனால் பல வகுப்பறைகளில் 'கண்டறிதல்' என்ற படி, டிமைத் தாளும் நிறப்பேனையும் கொடுத்துப் பாடநூலைப் பெரிய எழுத்தில் பிரதி செய்விப்பதாகச் சுருங்கிவிட்டது. தேடுவதற்குரிய பொருள் பிள்ளையின் உடலிலேயே இருக்கிற ஒரு பாடத்துக்கு இப்படி நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதே அலகை, "இரண்டு நிமிடம் ஓடி நின்றபின் யாருடைய நாடித்துடிப்பு முதலில் பழைய நிலைக்கு வரும்?" என்ற கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள். ஓடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தமது ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் கொப்பியில் எழுதிவிட வேண்டும், ஏனெனில் எழுதாத ஊகம் விடை தெரிந்ததும் தானாக மாறிவிடும். பிறகு சோடி சோடியாக, ஒருவர் தமது மணிக்கட்டில் துடிப்பை எண்ண மற்றவர் கடிகாரத்தைப் பார்க்க, ஓய்வில் ஒரு தடவையும் நின்றவுடன் ஒரு தடவையும் அதன்பின் நிமிடத்துக்கு ஒரு தடவையுமாக 15 வினாடி எண்ணி 4 ஆல் பெருக்கட்டும். இழுப்பு நோயுள்ள பிள்ளையை ஓடவிடாமல் நேரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கற்பித்த காலத்தில் இதை முதன்முதல் செய்வித்தபோது, அளக்கும் முறையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டேன். ஒரு மாணவி எழுந்து, "ஓடின பிறகும் எனக்கு 88 தான் சேர்" என்றாள். அவள் பெருவிரலை வைத்து, முழு ஒரு நிமிடமும் எண்ணியிருந்தாள். பெருவிரலுக்கும் சொந்தத் துடிப்பு உண்டு என்பதால் எண்ணிக்கை குழம்பும், அதற்கும் மேலாக, நின்ற கணத்திலிருந்தே துடிப்பு விரைந்து இறங்குவதால் முழு நிமிட எண்ணிக்கை உச்ச நிலையைக் காட்டாது. நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்த பையன், "15 வினாடியில் ஒன்று தவறினால் நாலு பிழைக்குமே!" என்றான். பெருவிரல், முழு நிமிடம், 15 வினாடி ஆகிய மூன்றையும் பற்றி எழுந்த அந்தத் தர்க்கத்தில் பத்து நிமிடம் போயிற்று, அன்றைய பாடவேளையின் மிகச் சிறந்த பத்து நிமிடமும் அதுதான்.

மெலிந்தவர்களே முந்துவார்கள் என்று வகுப்பு ஊகித்திருந்தது. விரைவாக இறங்கியதோ, நாள்தோறும் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைகளுக்கு. உழைத்துப் பழகிய இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான குருதியை வெளியேற்றும் என்ற விளக்கத்தை அதன் பிறகே சொன்னேன். சொன்னபோது அது அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடையாக இருந்தது. ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்டலாமா என்ற அடுத்த கேள்வியையும் மறவாமல் கேட்டுவிடுங்கள்.

பயிற்றுநர், பருத்தித்துறை: நுட்பங்களைப் பழக்கவே நேரம் போதாது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எப்போது ஓடி விளையாடுவது?

உங்கள் கவலை நியாயமானது. 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட நடுத்தர அல்லது கடுமையான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும்போது, கிடைக்கும் ஒரு பாடவேளையையும் பேச்சில் செலவிடுவது தவறு. ஆகவே ஆட்டத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். 1982 இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து பங்கர், தோர்ப் ஆகிய இருவர் முன்வைத்த முறையும் இதுவே: எளிதாக்கிய ஆட்டத்தை முதலில் ஆடவிட்டு, எப்போது என்ன செய்வது என்பதை ஆட்டத்துக்குள்ளேயே சிந்திக்க வைத்து, ஒரு நுட்பத்தின் தேவையைப் பிள்ளை உணர்ந்த பிறகே அந்த நுட்பத்தைப் பழக்குவது.

இதற்கு, கோடுகளில் மறிப்போரிடம் அகப்படாமல் தட்டுத் தட்டாகக் கடக்கும் எமது கிளித்தட்டைவிடப் பொருத்தமான ஆட்டத்தை நான் அறியேன். கோடு கீறி ஐந்து நிமிடம் ஆடவிட்டு, "எந்தத் தட்டில் கூடுதலாக அகப்படுகிறீர்கள், ஏன்?" என்று கேட்டு மீண்டும் ஆடவிடுங்கள். மறிப்போரின் தலைவரான 'கிளி' ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் திறக்கிறது என்பதையும், ஒருவர் போக்குக் காட்டினால் மற்றவர் கடக்கலாம் என்பதையும் அவர்களே கண்டு சொல்வார்கள். அந்தக் கண்டுபிடிப்பு வலைப்பந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் வெற்றிடம் தேடும் கண்ணாக மாறும்.

தாய், கோப்பாய்: மகன் வெற்றுச் சோடாப் போத்தல்களை வீட்டில் சேர்க்கிறான், கேட்டால் சுகாதாரப் பாடம் என்கிறான். சோதனைக்குப் படிக்கும் நேரம் வீணாகாதா?

வீணாகாது அம்மா. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. அந்த நிறம் செறிவையே காட்டுகிறது, போத்தலில் உள்ள மொத்தச் சீனியைக் காட்டுவதில்லை. 100 மில்லிலீற்றரில் 9 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் செம்மஞ்சள் போத்தலில் 36 கிராம் சீனி இருக்க, 12 கிராம் உள்ள 200 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தலில் 24 கிராமே இருக்கும். உங்கள் மகன் இந்தக் கணக்கைத் தானே போட்டுவிட்டால் சோதனையில் எப்படிக் கேட்டாலும் எழுதுவான். மட்டமாக எடுத்த தேக்கரண்டி ஒன்றில் ஏறத்தாழ 4 கிராம் சீனி பிடிக்கும் என்று சொல்லி, அந்த 36 கிராமையும் ஒரு கிளாசில் அவனையே அளந்து போடச் சொல்லுங்கள்.

ஆசிரியர், காரைநகர்: எல்லாவற்றையும் மாணவர் கண்டறியும்படி விட்டுவிடலாமா?

கூடாது. குண்டும் ஈட்டியும் விழும் பகுதிக்குள் எவரும் நிற்கலாகாது என்பதும், குருதி பெருகினால் காயத்தின் மேல் நேரடியாக அழுத்த வேண்டும் என்பதும், பாம்பு தீண்டினால் இறுகக் கட்டாமலும் வெட்டாமலும் அசைவைக் குறைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதும் நேராகச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டியவை. அதுபோல், பிள்ளைகளின் நிறையை வகுப்பின் முன் வாசித்து அதை 'தரவு' ஆக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பருவமடைதல் பற்றிய பாடத்துக்குப் பெயரெழுதாத கேள்வித் துண்டுகளை ஒரு பெட்டியில் சேர்ப்பது நல்லது.

ஆயினும், செய்து பார்க்கக் கூடாத ஒன்றைக்கூடச் சிந்தித்துத் தேடலாம். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் எமது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் வென்றார். முதுகுப்புறமாகப் பாயும் முறையோ 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஃபொஸ்பரி தங்கம் வென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. "ஏன் அதற்கு முன்பே பரவவில்லை?" என்று கேட்டு, மாணவரை உங்கள் பாடசாலையின் மணற்குழிக்கு அழைத்துச் செல்லுங்கள். எவரையும் பாய விடாமல், ஒரு கைப்பிடி மணலை அள்ளி அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகும் கழுத்தும் இதில் விழ முடியுமா என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்வரை நீங்கள் பேசாமல் நிற்க வேண்டும். தடித்த நுரை மெத்தைகளைப் பற்றி அதன் பிறகு சொல்லலாம்.