இரண்டு ஃபிளாட், ஒரே விலை: ஓய்வுக்காலம் வரை குடியிருக்க எதை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 36 வயது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், மாதம் 1.3 லட்சம் கைக்கு வருகிறது. சேமிப்பு 18 லட்சம். தாம்பரம் பக்கம் இரண்டு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். இரண்டும் 1,000 சதுர அடி, விலை 62 லட்சம். ஒன்று 14 மாடிக் குடியிருப்பில் கட்டி முடித்த புது வீடு, யூடிஎஸ் (மனையில் நமக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு) 300 சதுர அடி. மற்றொன்று 6 வீடுகள் உள்ள, 12 ஆண்டு ஆன மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு, யூடிஎஸ் 600. ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே இருக்க ஆசை. எதை எடுக்கலாம்?

பதில்: கட்டடம் உறுதியாக இருந்தால் பழையதையே எடுங்கள். 25 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுவருக்கு மதிப்பு தேயும், மண்ணுக்குத்தான் ஏறும். அந்தப் பகுதியில் காலி மனை சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், புது வீட்டில் உங்கள் நிலத்தின் மதிப்பு 15 லட்சம். பழையதில் 30 லட்சம்.

உங்களுக்கு 60 வயதாகும்போது பழைய கட்டடத்துக்கு 36 வயது. இடித்துக் கட்டும் பேச்சு அப்போது நிச்சயம் வரும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-ன்படி அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆறு வீட்டில் நான்கு பேரை உட்காரவைத்துப் பேசிவிடலாம். 14 மாடிக் குடியிருப்பில் 120 வீடு இருந்தால், 80 பேரைச் சேர்ப்பது பெரும்பாடு. ஆனால் அந்த வயதில் இரண்டு, மூன்று ஆண்டு வாடகை வீட்டில் இருக்க வேண்டிவரும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வாங்குங்கள்.

யூடிஎஸ் 600 என்று சொன்னால் மட்டும் போதாது. ஆறு வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள பங்கைக் கூட்டிப் பாருங்கள். மொத்த மனையான 3,600 சதுர அடி, அதாவது ஒன்றரை கிரவுண்டு வர வேண்டும். குறைந்தால், பில்டரோ நிலத்துக்காரரோ மொட்டை மாடியில் பின்னாளில் கட்டலாம் என்று ஒரு பங்கைக் கையில் வைத்திருக்கக்கூடும். தாய்ப்பத்திரம் (நிலத்தின் முந்தைய பத்திரங்கள்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, அனுமதி வாங்கிய வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒரு வக்கீலிடம் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத அறை இருந்தால் வங்கி கடனைக் குறைக்கும் அல்லது மறுக்கும்.

கட்டடத்தைப் பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துப் போங்கள். அதற்கு முன் நீங்களே சில இடங்களைப் பார்க்கலாம்: பார்க்கிங்கில் உள்ள தூண்களின் அடிப்பகுதி, சன்ஷேடின் கீழ்ப்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் அடி. கம்பி ஓடும் வாக்கிலேயே நேர்கோட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டை வெளியே தள்ளும். மேலே பூசி பெயின்ட் அடித்தால் அது நிற்காது. உங்கள் குளியலறை மேற்கூரையில் ஈரம் இருந்தால் மேல்வீட்டு சங்கன் ஸ்லாப் (குழாய்களுக்காகத் தாழ்த்திப் போட்ட குளியலறைத் தளம்) கசிகிறது. இது சரிசெய்யக்கூடியது, ஆனால் மேல்வீட்டுக்காரர் தரையை உடைக்கச் சம்மதிக்க வேண்டும்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். விற்பவர் சொல்வதைவிட அது நம்பகமானது. பார்க்கிங்கில் மீட்டர் போர்டைச் சமீபத்தில் உயரத்துக்கு மாற்றியிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

பணக் கணக்கில்தான் எங்களுக்குக் கவலை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும்: 49.6 லட்சம். கைக்காசு 12.4 லட்சம், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து இன்னொரு 5.58 லட்சம். உங்கள் 18 லட்சமும் துடைத்தாற்போல் போய்விடும். பெயின்டிங், வயரிங் மாற்றும் செலவுக்கும் ஆறு மாதத் தவணைக்கும் சேர்த்து குறைந்தது 5 லட்சம் தனியாக இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். விலையைப் பேசிக் குறையுங்கள், முடியாவிட்டால் ஓராண்டு பொறுங்கள்.

வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய். உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, தாங்கும். ஒருவர் சம்பளம் நின்றாலும் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் ஏறக்குறைய பதினாறரை ஆண்டில் முடியும். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. வட்டி ஏறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். தவணையை ஏற்றச் சொல்லுங்கள். காலத்தை நீட்டினால் கடன் ஓய்வுக்காலத்துக்குள் புகுந்துவிடும்.

வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) மட்டும் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் குறையும், பின்னால் நீங்கள் விற்கும்போது லாபம் கூடுதலாகக் காட்டி வரியும் ஏறும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் சார்பில் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. பழைய வீடு வாங்குபவர்கள் இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு அலைகிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் ஒப்பந்தத்தில், பத்திரங்களைச் சரிபார்த்ததில் குறை வந்தாலோ வங்கி கடனை மறுத்தாலோ முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.