மேல்வஸ்திரத்தை எறிந்தவன்

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, கண் நரம்பைக் கெடுக்கும் வியாதி. வலது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "பர்திமேயுவைப் பார்த்து, 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்றார் ஆண்டவர். உங்களுக்கு விசுவாசம் குறைச்சல், அதனால்தான் மருந்தை நம்புகிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். சொட்டு மருந்தை நிறுத்திவிடட்டுமா, ஐயா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, முதலில் இன்றைய மருந்தைக் கண்ணில் ஊற்றிக்கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். இந்த வியாதியில் கெட்ட நரம்பு திரும்புவதில்லை. மிச்சமிருக்கிற பார்வையைக் காக்கத்தான் மருந்து. எனக்கும் ஏழு வருஷமாக இதே பாடுதான். அண்ணாந்து, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு. பிறகு கண்ணின் மூக்கோர முனையை இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். கடிகாரம் பார்க்க முடியாதே! கர்த்தருடைய ஜெபத்தை நாலு தடவை சொன்னால் கணக்கு சரியாகிவிடுகிறது.

இனி பர்திமேயு, எரிகோவின் வழியோரம் பிச்சை கேட்டிருந்து ஆண்டவரால் பார்வையடைந்த குருடன். மாற்கு 10-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். அவன் செய்ததெல்லாம் கண் தெரியாதபோது செய்தது. "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கத்தினான். பேசாதிரு என்று அதட்டினார்கள். இன்னும் உரக்கக் கத்தினான். அதட்டியவர்கள் கூடவே வந்த பக்தர்கள்தான், அதையும் கவனியுங்கள். கூப்பிட்டதும் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தான்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கண் தெரியாத தாத்தா ஒருவர் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது நாலு மூலையையும் தடவித் தடவிப் பிடித்து, காசு சிந்தாமல் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கம்பைத் தேடுவார். எரிகோவில் அந்த வஸ்திரம் தரையில் விரித்திருந்ததா, தோளில் கிடந்ததா என்று மாற்கு சொல்லவில்லை. ஆனால் ஏழைக்கு ராத்திரிப் போர்வையும் அதுதான். அடகு வாங்கினாலும் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடு என்கிறது யாத்திராகமம் 22. அப்பேர்ப்பட்டதைக் கண் தெரியாதவன் கூட்டத்துக்குள் எறிந்தால் மறுபடி கைக்குக் கிடைக்குமா? ஆண்டவர் விசுவாசம் என்று சொன்னது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். சுகத்துக்குக் கட்டவேண்டிய கட்டணமாக அதை அவர் கேட்கவில்லை. பவுல் மூன்று தரம் வேண்டியும் அவர் சரீரத்தை வருத்திய முள் போகவில்லை; தம்மோடு வந்த துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவந்தார். அவர்களுக்கும் விசுவாசம் குறைச்சல் என்பாரா அந்த அக்கா?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில் நானும் ஒரு நோயாளியின் கட்டிலருகே இதே வசனத்தை இப்படியே சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கதை பார்வையோடு முடியவுமில்லை. "நீ போகலாம்" என்றார் ஆண்டவர். அவனோ வழியிலே அவருக்குப் பின்சென்றான். எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே. எருசலேம் ஏறத்தாழ 750 மீட்டர் மேலே. ஏற்றம், வெயில், பாறை. ஏறிப்போனால் அங்கே சிலுவை. சற்று முன்புதான் யாக்கோபும் யோவானும், நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவர் பர்திமேயுவிடமும் கேட்ட இதே கேள்விக்கு, வலதுபக்கமும் இடதுபக்கமும் இருக்க இடம் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: மத்தேயு இரண்டு குருடர் என்கிறார், மாற்கு ஒருவன் என்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இருவர் இருந்து, மாற்கு ஒருவனை மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பெயர்தான் பெரிதாகப் படுகிறது. மாற்குவின் சுகமளிக்கும் கதைகளில் குணமானவனுக்குப் பெயர் இருப்பது இங்கே மட்டும்தான், அதுவும் தகப்பன் பேரோடு. திமேயுவின் மகன் என்றதும், "அட, நம்ம ஆள்தானே" என்று சொல்ல, மாற்கு எழுதியதை முதலில் கேட்ட சபையில் யாரோ இருந்திருக்க வேண்டும்.