எல்லோரும் கொண்டாடிய பயிற்சியாளர் போன பிறகு வரும் புதிய கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரை எத்தனை ஆட்டங்கள் பார்த்து மதிப்பிடலாம்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் பல்கலைக்கழகத்தில் புதியவர் வந்து பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்திருக்கும், தோற்கக் கூடாத ஓர் அணியிடம் தோற்றிருப்பார், உங்கள் மனத்தில் தீர்ப்பும் ஏறக்குறையத் தயாராகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் மன்னிக்கவும். அப்படியொரு தீர்ப்பைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியவன் நான் என்பதால்தான் பதில் எழுத வந்தேன். மற்றபடி எனக்குப் பயிற்சியாளர் அனுபவம் எதுவும் கிடையாது. பள்ளியின் சிமெண்டுத் தரையோடு என் ஆட்டம் முடிந்துவிட்டது.

2001 ஆகஸ்டில் புள்ளியியல் மேற்படிப்புக்காகச் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 36 ஆண்டுகளில் 879 வெற்றிகள் கண்ட பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பெயரை அந்த ஊரில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவர் 1997 அக்டோபரில் விலகியபோது, முப்பது ஆண்டுகளாக உடனிருந்த பில் கத்ரிஜ் பொறுப்பேற்று, மூன்றே ஆண்டுகளில் அணியை இருமுறை தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக்கினார். 2000இல் அவரும் ஓய்வுபெற, எல்லோரும் எதிர்பார்த்த ராய் வில்லியம்ஸ் தாம் பயிற்சியளித்துவந்த கான்சஸ் பல்கலைக்கழகத்தை விட்டு வர மறுத்துவிட, ஸ்மித்தின் 1982 சாம்பியன் அணியில் ஆடிய மாட் டோஹர்ட்டி வந்தார். முதல் ஆண்டில் இடைவிடாமல் 18 வெற்றிகள், அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. நான் போய்ச் சேர்ந்தபோது தொடங்கிய அவருடைய இரண்டாம் ஆண்டில் 8 வெற்றி, 20 தோல்வி. 27 ஆண்டுகளாகத் தேசியத் தொடரைத் தவறவிடாத அணிக்கு அந்த மார்ச்சில் அழைப்பே வரவில்லை.

பருவத்தின் தொடக்கத்திலேயே சொந்த அரங்கில் ஹாம்ப்டன், டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி அணிகளிடம் தோற்றார்கள். ஊருக்குப் புதியவனான எனக்குப் பழையவர்களைக் காட்டிலும் ஆத்திரம் அதிகம். இரண்டு ஆண்டுகளின் ஆட்டங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் புள்ளி வித்தியாசத்தையும் குறித்து, நடுவே ஒரு சரிவுக்கோடு இழுத்து, ‘பயிற்சியாளரின் பங்களிப்பு’ என்று தலைப்பும் போட்டு, காப்பி இயந்திரத்துக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். துறை அலுவலகத்தில் பணிபுரிந்த அம்மையார் ஒருவர், ஸ்மித் பெயரிலான அரங்கம் கட்டப்படுவதற்கு முன்பிருந்தே இந்த அணியைப் பார்த்துவருபவர், கோப்பையை நிரப்பிக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். பிறகு கோட்டின் உச்சியில் கட்டைவிரலை வைத்து, ஹேவுட் எங்கே என்று கேட்டார். விரலைச் சற்றுக் கீழே நகர்த்தி, ஃபோர்ட் எங்கே என்றார்.

அவர் கேட்டதன் பொருள் எனக்கு உறைக்க ஒரு நாள் ஆயிற்று. ஏழடி உயர பிரெண்டன் ஹேவுட் படிப்பை முடித்துவிட்டார்; அதிகப் புள்ளி எடுத்த ஜோசப் ஃபோர்ட் இரண்டே ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்; அமெரிக்கக் கால்பந்து அணியிலிருந்து வந்து கைகொடுத்த ரொனால்டு கரியும் ஜூலியஸ் பெப்பர்ஸும் அந்த ஆண்டு வரவில்லை. அந்த நால்வரின் இன்மையையும் சேர்த்து நான் ஒரே மனிதரின் கணக்கில் எழுதியிருந்தேன். புள்ளியியல் மாணவன் செய்கிற வேலையா அது?

அதற்காக அந்த அம்மையார் டோஹர்ட்டியைத் தாங்கிப் பேசினார் என்று எண்ண வேண்டாம். ஸ்மித் காலத்து உதவிப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ளாமல் தாம் முன்பு பயிற்சியளித்த நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து தம் ஆட்களைக் கூட்டிவந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அது டோஹர்ட்டி தாமே எடுத்த முடிவு, எனவே அதற்கு அவர்தான் பொறுப்பு என்பது அம்மையாரின் கட்சி. ஆட்டத்தின்போதும் அவர் ஸ்கோரைவிடப் பெஞ்சைத்தான் கவனிப்பார். மாற்றப்பட்டு வெளியே வரும் பையன் பயிற்சியாளரின் அருகில் வந்து உட்காருகிறானா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலிக்குப் போகிறானா என்று எனக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் மூன்று பேர் வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். 2003 ஏப்ரலில், வீரர்களின் மனக்கசப்பு வெளியே வந்த பிறகு, டோஹர்ட்டி விலகினார். என் கோடு காட்டாத காரணம் அது.

வில்லியம்ஸ் இம்முறை வந்தார். 2005 இறுதி ஆட்டத்தில் இல்லினாயை 75-70 என்று வென்றோம். ஷான் மே 26 புள்ளிகள் எடுத்தார். ஃபிராங்க்ளின் தெருவில் கூட்டத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: மே, ரேமண்ட் ஃபெல்டன், ரஷாத் மெக்கன்ட்ஸ், ஜவாத் வில்லியம்ஸ், ஜாக்கி மானுவல் என்று அன்று களமிறங்கிய முதல் ஐவரும் டோஹர்ட்டி தேடிப்பிடித்துச் சேர்த்தவர்கள். ராய் வில்லியம்ஸின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்த ஐவரையும் ஒன்றாக ஆட வைத்தவர் அவர்தான்.

உடனே யாராவது ட்யூக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கியை இழுத்து வருவார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் 38 வெற்றி, 47 தோல்வி என்றிருந்தவர் பின்னர் ஐந்து முறை சாம்பியன் ஆனார் என்பது உண்மைதான். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அவர் பெயரைச் சொல்லி வாய்தா வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு ஆட்சேபமும் வரும்: வீரர்கள் கல்லூரி மாறுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் இவ்வளவு பொறுமை எதற்கு என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 2024இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த மார்க் போப் ஏறத்தாழ முழு அணியையும் புதிதாகச் சேர்த்து, முதல் ஆண்டிலேயே கடைசி 16 அணிகளுக்குள் கொண்டுபோனார். எனவே உங்களவர் யாரைச் சேர்த்தார் என்பதை முதல் ஆண்டிலேயே கேட்கலாம். ஆனால் வெற்றி தோல்வியை மட்டும் வைத்து அப்போதும் முடிவு கட்ட மாட்டேன். இதே வட கரோலினாவில் ஹூபர்ட் டேவிஸ் முதல் ஆண்டில் இறுதி ஆட்டம்வரை போய், மறு ஆண்டு தேசியத் தொடருக்கே தகுதி பெறாமல் நின்றதைப் பார்த்தவர்கள் எந்த ஆண்டை அளவாக எடுப்பார்கள்? உங்கள் அணியில் இன்னும் ஆடத் தகுதி மீதமிருக்கும் பையன்கள் வரும் ஏப்ரலில் அவரிடமே தங்குகிறார்களா என்று பாருங்கள். அதுவரை பெஞ்சைக் கவனியுங்கள்.

2005 வெற்றிக்கு மறுநாள் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து அம்மையாரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துவிட்டு, அதிகப் புள்ளி எடுத்த ஏழு பேரும் போகப்போகிறார்கள், வில்லியம்ஸை அடுத்த ஆண்டு அளந்து பார் என்றார். ஏழு பேரும் போனார்கள். அடுத்த பருவத்தில் 23 வெற்றி, 8 தோல்வி. அம்முறை நான் படம் எதுவும் வரையவில்லை.