ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் அனல்

(வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஓடும் காரில் தினமும் காலையில் மதுரைக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறேன். ஏசி போட்டால் இடப்பக்கம் அமரும் என் மனைவி குளிர் தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொள்கிறார். ஓட்டும் எனக்கோ சட்டை நனைகிறது. இரண்டு முறை கேஸ் நிரப்பினோம். நிரப்பியதும் மூன்று வாரம் இருபுறமும் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. டிசம்பரில் கொடைக்கானல் சென்றபோது ஹீட்டர் இருபுறமும் சமமாகவே இருந்தது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடல் சிக்கியிருக்கலாம், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். கழற்றலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வடக்கு நோக்கி வருகிறீர்கள். காலை வெயில் கிழக்கிலிருந்து உங்கள் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலப்பக்கம்தான். இரு வேளையும் ஓட்டுநர் பக்கமே வேகிறது. ஆகவே உடம்பில் படும் சூட்டை வைத்து முடிவு செய்யாமல், வண்டியை நிழலில் நிறுத்தி, உள்காற்றே சுழலும்படி வைத்து, ப்ளோயரை நடு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, இருபுறக் காற்றுத் துவாரங்களிலும் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு பெரிதில்லை. ஏழெட்டு டிகிரி என்றால் கோளாறு உண்மையே.

மடல் சிக்கவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்தில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஹீட்டர் சமமாக இருந்தது என்பது முதல் சாட்சி. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, ஏனெனில் இருபுறமும் தனித்தனி மடல் உள்ள வண்டியில் ஓட்டுநர் பக்க மடல் சூட்டுப் பக்கமாகவே சிக்கி நின்றிருந்தாலும் கொடைக்கானல் குளிரில் அது தெரிந்திருக்காது. இரண்டாவது சாட்சிதான் வலுவானது. கேஸ் நிரப்பியவுடன் மூன்று வாரம் இருபுறமும் குளிர்ந்தது என்கிறீர்களே, சிக்கிக்கொண்ட மடல் கேஸ் நிரப்பினால் விடுபடுமா? விடுபடாது. ஆகவே குறை மடலில் இல்லை, கேஸ் அளவில் இருக்கிறது.

கேஸ் குறைந்தால் வண்டி முழுவதும் அல்லவா சூடாக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று தோன்றும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் திரவமாக நுழைந்து, கொதித்து ஆவியாகும்போதுதான் குளிர் உண்டாகிறது. அளவு சரியாக இருந்தால் காயிலின் மறுகோடி வரைக்கும் திரவம் எட்டும். குறைந்தால் நுழையும் பக்கத்திலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும். அந்தப் பாதி சில்லென்றும் மறுபாதி வெதுவெதுப்பாகவும் நிற்கும். அந்தந்தப் பாதியைக் கடந்து வரும் காற்றே அந்தந்தப் பக்கத் துவாரத்துக்கு வருகிறது.

கேஸ் என்பது டீசலைப் போல ஓட ஓடச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. மூன்று வாரத்தில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மறுபடி மறுபடி நிரப்புவது பணத்துக்கு மட்டுமே கேடு என்பதில்லை. கசிவோடு, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கான எண்ணெயும் வெளியேறுவதால் ஒரு நாள் கம்ப்ரஸரே இறுகி நின்றுவிடலாம். பெரும்பாலான பழைய கார்களில் உள்ள ஆர்134ஏ கேஸ், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், சூடான கேஸை ஆறவைத்துத் திரவமாக்கும் கண்டென்ஸரில்தான் முதலில் தேட வேண்டும். நான்கு வழிச் சாலையில் லாரிச் சக்கரம் தெறிக்கும் சிறு கல்லும் அதைத் துளைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும் இடம் சந்தேகத்துக்குரியது. வெளியே எங்கும் கசிவில்லை, கூலிங் காயிலில்தான் இருக்கிறது என்று உறுதியானால், அப்போது டேஷ்போர்டைக் கழற்றுவதில் நியாயம் உண்டு. அடைத்த பின், குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் குறித்த கிராம் அளவைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். பல சிறு கார்களுக்கு அரைக் கிலோகூடத் தேவைப்படாது. ஆகையால் கைக்கணக்கில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும்.

கேள்வி: வாடகைக்கு ஓட்டும் ஏழு பேர் வண்டியில் முன்வரிசை நன்றாகக் குளிர்கிறது, கடைசி வரிசையில் அமர்பவர்கள் புழுங்குகிறார்கள். – வாசகர், மேலூர்

பதில்: பின்வரிசைத் துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். காற்றே பலவீனமாக வந்தால் பின்பக்க ப்ளோயரிலும் அதன் காற்று இழுக்கும் சல்லடையிலும் தூசி அடைத்திருக்கும். கிரானைட் தூசி பறக்கும் உங்கள் பகுதியில் இதை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால், பின்னால் தனிக் கூலிங் காயில் உள்ள வண்டிதானா என்று கேட்டறியுங்கள். சில வண்டிகளில் முன்பக்கக் குளிர்காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி மட்டுமே உண்டு. அவற்றில் முன் துவாரங்களை மேல்நோக்கித் திருப்பிவைத்தால் பின்னால் ஓரளவு எட்டும். தனிக் காயில் இருந்தால், அதற்குள் கேஸ் நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பேன்ஷன் வால்வைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ரேடியேட்டர் தண்ணீர் மாற்றிய பிறகு கொடைக்கானலுக்குச் சென்றேன். ஹீட்டர் இடப்பக்கம் சூடாகவும் வலப்பக்கம் வெறும் காற்றாகவும் வந்தது. ஏசியில் குறையில்லை. – வாசகர், வத்தலக்குண்டு

பதில்: இன்ஜினின் சூட்டு நீர்தான் ஹீட்டர் காயிலுக்குள் ஓடிக் காற்றைச் சூடாக்குகிறது. தண்ணீர் மாற்றும்போது உள்ளே காற்று தங்கிவிட்டால், காயிலின் ஒரு பகுதிக்கு நீர் எட்டாது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது.

காற்று வெளியேறியும் சரியாகவில்லை என்றால், ஹீட்டருக்குப் போகும் இரு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் மடலைச் சந்தேகிக்கலாம். ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் காயிலில் உப்பு படிந்திருக்கிறது. நம் பகுதியில் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றிய வண்டிகளில் இது வழக்கம். காயிலைக் கழுவிவிட்டு, வாலைவடி நீரில் கலந்த கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். கூலன்ட் குறைவு ஹீட்டரில்தான் முதலில் தெரிகிறது. அதே கூலன்ட்டை நம்பித்தான் இன்ஜின் கொடைக்கானலின் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டியிருப்பதால், இதைச் சரிசெய்யும்வரை மலைப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டாம்.