18 பக்க ஸ்கிரிப்ட், 2 நாள் ஷூட்டிங்: எதை வெட்டுவது?

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். ஓய்வு பெறும் நாளில் ஒரு பஸ் கண்டக்டருக்கும் அவர் மகனுக்கும் நடப்பதுதான் என் குறும்படம். ஸ்கிரிப்ட் 18 பக்கம், 7 லொகேஷன், ஓடும் பஸ்ஸில் ஒரு இரவுக் காட்சி, ஒரு ஃப்ளாஷ்பேக். கேமரா 2 நாளைக்குத்தான் கிடைக்கும். ஷூட்டிங்குக்கு இன்னும் 3 வாரம். வசனத்தைக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. வசனத்தைக் குறைத்தால் படத்தின் நீளம் குறையும், வேலை அவ்வளவாகக் குறையாது. ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு, மாணவர் யூனிட் ஒரு நாளில் நான்கைந்து பக்கம் ஒழுங்காக எடுத்தாலே நல்ல வேகம். ஆனால் உங்கள் நேரத்தை உண்மையில் தின்னப்போவது லொகேஷன் மாற்றம்தான். லைட்டைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, டிராஃபிக்கில் போய், இறக்கி, மறுபடி செட் பண்ணி முதல் ஷாட் வைப்பதற்குள் இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். 7 லொகேஷன் என்றால் 6 மாற்றம், அதாவது உங்களிடம் இருக்கிற இரண்டு நாளில் ஒரு நாள் சாலையிலேயே முடிந்துவிடும்.

அதனால் முதலில் லொகேஷனை இரண்டாகக் குறையுங்கள், வீடும் வீட்டு வாசலும் போதும். ஓடும் பஸ்ஸை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் வலிக்கும், தெரியும். ஆனால் அரசு பஸ் என்றால் அனுமதி, தனியார் பஸ் என்றால் வாடகை, இரவு என்றால் லைட், அப்புறம் எஞ்சின் சத்தத்தில் எடுத்த வசனம் முழுவதையும் டப்பிங்கில் திரும்பப் பேச வைக்க வேண்டும். பஸ்ஸைச் சத்தமாகக் கொண்டுவாருங்கள். அப்பா கடைசி டிரிப் முடித்து, கலெக்‌ஷன் கட்டி, டிக்கெட் மெஷினை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வருகிறார், தெருமுனையில் ஒரு பஸ் கியர் மாற்றிப் போகிறது, வேறொருவர் விசில் ஊதுகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்கும் அவர் முகத்தில் உங்கள் பஸ் காட்சி முழுவதும் இருக்கும்.

ஃப்ளாஷ்பேக்கும் வேண்டாம். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு மாலை பேசுங்கள், பேசுவதைவிட அவர் கையைக் கவனியுங்கள். நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவார்களே, உங்கள் கதாபாத்திரம் வீட்டில் பால் காசு எண்ணும்போது அதைத் தன்னையறியாமல் செய்தால், இத்தனை வருட வேலையைக் காட்டத் தனிக் காட்சி எதற்கு?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ‘அப்பாவுக்கும் மகனுக்கும் நடப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன நடக்கிறது என்று எழுதவில்லை. அன்றைக்கு அப்பாவுக்கு மகனிடமிருந்து என்ன வேண்டும், மகன் ஏன் அதைக் கொடுக்க மாட்டேன் என்கிறான்? இதை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு காட்சியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காட்சியைத் தூக்கினாலும் அடுத்தது புரிகிறது, அந்த ஆசையும் மறுப்பும் குறையவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் போக வேண்டியதுதான். 9 பக்கத்தில் நின்றால் வருத்தப்படாதீர்கள், பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டியிலேயே டைட்டிலையும் சேர்த்து 15 நிமிடம்தான் வரம்பு.

முதல் வாரம் திருத்தி எழுதுங்கள். இரண்டாவது வாரம் நடிகர்களை அதே வீட்டுக்கு அழைத்துப் போய் முழுப் படத்தையும் போனிலேயே எடுத்து, எடிட் செய்து பாருங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், எங்கே இழுக்கிறது, எந்த வசனம் வாயில் நிற்கவில்லை என்பது பேப்பரில் தெரியாது, அதில் உடனே தெரிந்துவிடும். மாற்ற வேண்டியதை அந்த வாரமே மாற்றி ஸ்கிரிப்ட்டை மூடிவிடுங்கள், மூன்றாவது வாரம் ஒன்லைன் ஆர்டர் (எந்தக் காட்சியை எந்த வரிசையில் எடுப்பது என்ற பட்டியல்), சாப்பாடு, பொருள்கள் சேகரிப்பதற்கு.

பஸ்ஸுக்குப் பதிலாக வீட்டில் வைக்கும் இரவுக் காட்சிக்கு ராத்திரி முழுக்க விழிக்கத் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கறுப்புத் துணி கட்டினால் வீட்டுக்குள் பகலிலேயே இரவை எடுத்துவிடலாம். ஆனால் பகலில் தெரு சத்தம் இருக்குமே, அதனால் ஷூட்டிங் வைக்கும் அதே நேரத்தில் முன்கூட்டியே போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள், பக்கத்தில் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். டேக் போகும்போது ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைக்க ஒருவரை நியமியுங்கள், பேக்கப் சொன்னதும் ஃபிரிட்ஜை மறுபடி போடுவதும் அவர் பொறுப்பு.