நடிகை சொன்ன நகைச் சீட்டில் சேரலாமா?

கேள்வி: எனக்குப் பிடித்த நடிகை ஒருவர் டிவியில் வந்து, "11 மாதம் கட்டினால் செய்கூலி, சேதாரம் இல்லை" என்கிறார். மகள் கல்யாணத்துக்காக மாதம் 3,000 ரூபாய் கட்டலாம் என்று இருக்கிறேன். அவ்வளவு பெரிய நடிகை பொய் சொல்வாரா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் பணத்துக்கு அவர் ஜாமீன் நிற்கவில்லை. எழுதிக் கொடுத்த வசனத்தைச் சம்பளத்துக்குப் பேசுகிறார், அவ்வளவுதான்.

அட்சய திருதியை நெருங்கும்போது வரும் விளம்பரங்களைக் கவனியுங்கள். மணப்பெண், கண் கலங்கும் அம்மா, கடைசியில் நாம் பல வருடம் திரையில் பார்த்துப் பழகிய ஒரு முகம். இவர்கள் குறி வைப்பது, பால் கணக்கிலும் காய்கறிச் செலவிலும் மிச்சம் பிடித்து நீங்கள் சேர்க்கும் சிறுவாட்டை. நம் பெண்களில் பலருக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நகையை விட்டால் வேறு சொத்து இல்லை. அது தெரிந்துதான் பாசத்தைக் காட்டி விற்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு.

சரி, சீட்டுக்கு வருவோம். அது ஏன் 11 மாதம்? நிறுவனங்களுக்கான 2014 டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது; டெபாசிட்டுக்கான கட்டுப்பாடுகளும் அதற்குப் பொருந்தாது. அதனால்தான் வருடம் முடிவதற்குள் 11 மாதத்தில் நிறுத்துகிறார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சீட்டுப் பணத்துக்குக் கிடையாது. 2023-ல் திருச்சி பிரணவ் ஜுவல்லர்ஸின் தங்க முதலீட்டுத் திட்டத்தில் 100 கோடி ரூபாய் மோசடி என்று புகார் எழுந்தபோது, விளம்பரத்தில் வந்த நடிகருக்கும் அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது. பணம் கட்டியவர்களுக்கு அதனால் பணம் திரும்பி வந்துவிடாது.

அப்புறம் அந்தச் சேதாரம். 10 கிராம் சங்கிலிக்கு 18% சேதாரம் என்றால் 11.8 கிராமுக்குப் பணம் கேட்பார்கள். திட்டத்தில் 14% வரைதான் தள்ளுபடி என்றிருந்தால் மீதி 4% உங்கள் தலையில். 3% ஜிஎஸ்டி தனி. "வரை" என்ற அந்தச் சொல் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடி மறையும். தமிழில் சொன்ன சலுகைக்கு நிபந்தனையும் தமிழில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று 2022 விளம்பர வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆங்கிலத்தில் ஓடினால் நீங்கள் புகார் செய்யலாம்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது: என் பணம் பணமாகச் சேருமா, கிராமாகச் சேருமா? பணமாகச் சேர்ந்தால் 11 மாத முடிவில் உங்களிடம் இருப்பது 33,000 ரூபாய். அதற்குள் தங்கம் ஏறியிருந்தால் நகை சிறுத்துவிடும். கிராமாக வரவு வைத்தால் அந்தந்த மாத விலைக்கு எடை சேரும். கல்யாணத்துக்குச் சேர்ப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நடுவில் நிறுத்தினால் பணம் திரும்புமா, நகைக்குப் பதில் தங்க நாணயமாக வாங்கலாமா என்பதையும் கேட்டு, அட்டையில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது.

தவறான விளம்பரத்தில் நடித்தவருக்கு, உரிய முறையில் விசாரிக்காமல் நடித்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. உங்கள் இழப்புக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

முதல் தவணை கட்டும் முன், அதே சங்கிலிக்குச் சீட்டில்லாமல் எவ்வளவு என்று இன்னும் இரண்டு கடைகளில் விசாரித்துவிடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள்.